கேட்டதைக் கேட்டபடி சொன்னவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு ஜூலை மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்கு அப்பாவுக்கு நோய் தொடங்கியது. காலை ஆராதனைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து, காபித் தம்ளரை வாங்கியவர்கள் அதைக் கையில் பிடிக்க இயலாமல் மீண்டும் தட்டிலேயே வைத்துவிட்டார்கள். "இடது கை மரத்துக் கெடக்குது. வலின்னு சொல்ல முடியாது. மரத்துக் கெடக்குது, அவ்வளவுதான்" என்றார்கள். தம் உடலைப் பற்றிச் சொல்லும்போதும் உள்ளதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை மாலை, விளக்கேற்றும் நேரத்துக்கு முன், அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்கள்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினருக்கும் சபையாருக்கும் அப்பாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும், மைசூரில் அவர்களை அறிந்தவர்கள் கொள்ளேகாலில் கழிந்த அவர்களது இளமையை அறியார். கொள்ளேகால் உறவினர் பலர் நீதிமன்றத்தில் அவர்களைக் கண்டதில்லை. இருசாராரும் அறிய வேண்டி, எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கொள்ளேகாலில். தாத்தா அங்கே பட்டு நெய்யும் ஒரு வீட்டில் நூலுக்குச் சாயம் ஏற்றும் வேலை பார்த்தார்கள். வீட்டில் தமிழ், தெருவின் மறுபாதியில் கன்னடம். எது முதலில் வந்தது என்று கேட்டால், "ரெண்டு காதும் ஒண்ணாத்தானே பொறந்துச்சு" என்பார்கள். தாயார் தவறியபோது அப்பாவுக்குப் பள்ளி செல்லும் வயது. தம்பிக்கு, அதாவது எங்கள் சித்தப்பாவுக்கு, நடக்கத் தொடங்கும் வயது. தாத்தா தம் சின்ன மகனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மூத்த மகனை மைசூரில் மிஷன் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம் தம்பி தம்மை அந்நியர் போலப் பார்த்து ஒளிந்துகொள்வதுதான் தமக்குப் பெரிய துக்கமாக இருந்தது என்று அப்பா ஒருமுறை சொன்னார்கள். அந்தத் தம்பியே பிற்காலத்தில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சில்லாமல் இருந்ததையும், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொள்ளேகால் பஸ்ஸிலிருந்து இரண்டு கையும் நிறையப் பைகளோடு இறங்கியதையும் நாங்கள் அறிவோம்.

பள்ளி முடிந்ததும் எழுத்தர் வேலை ஒன்று கிடைத்தது. அதிலிருந்து நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆனார்கள். அணை கட்டவும், ரயில் பாதை போடவும், ஆலைகளில் நிற்கவும் தமிழ் பேசும் மக்கள் மைசூருக்கு வந்தவண்ணம் இருந்த காலம் அது. அவர்களுள் யாரேனும் ஒருவர் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினால், நீதிபதிக்கும் அவருக்கும் இடையே அப்பா நிற்பார்கள். ஊரார் அவர்களைத் துபாஷியார் என்றே அழைத்தார்கள்.

இங்கே அப்பாவின் தொழில்முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாட்சி "நான் பார்த்தேன்" என்றால், "இவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்று அப்பா மொழிபெயர்க்க மாட்டார்கள். "நான் பார்த்தேன்" என்றே கன்னடத்தில் சொல்வார்கள். வக்கீல் "நான் கேட்பதற்குப் பதில் சொல்" என்று அதட்டினால், அதே அதட்டலைத் தமிழில், 'நான்' என்ற தன்மையிலேயே சாட்சிக்குச் சொல்வார்கள். இடையில் நிற்பவன் தன்னை ஓர் ஆளாகக் கூட்டிக்கொண்டால் சொல் ஒரு படி தள்ளிப் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம்.

இதனால் நேர்ந்த வேடிக்கைகளும் உண்டு. கட்டட வேலை செய்த ஒரு பெண்மணியை வக்கீல் ஒருவர், சண்டை நடந்த இடத்துக்கும் அவள் நின்ற இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அலைக்கழித்தாராம். அவள் பொறுமை இழந்து, "உங்க வீட்டம்மா அடுப்படியிலேருந்து கூப்பிட்டா உங்களுக்குக் காதுல விழாதில்ல, அத்தனை தூரம்" என்றிருக்கிறாள். அப்பா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் அதைக் கன்னடத்தில் வக்கீலிடம் சொன்னார்கள். நீதிமன்றமே சிரித்தது. வக்கீல் சிவந்துபோய், "துபாஷி, என் வீட்டுச் சமாச்சாரம் உமக்கு எதற்கு?" என்று அப்பாவின் மேல் பாய்ந்தார். அப்பா அந்தக் கேள்வியையும் அட்சரம் பிசகாமல் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொன்னார்கள். அவள், "ஐயாவை ஏன் வையிறீங்க, சொன்னது நான்தானே" என்றாளாம். நீதிபதி அன்று அதற்குமேல் வழக்கை நடத்த முடியாமல் எழுந்துவிட்டார் என்று அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, ரயில்வேயில் வேலை பார்த்த தம் அண்ணனோடு மைசூருக்கு வந்தவர்கள். சபையில்தான் திருமணம் பேசி முடிந்தது. எனக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளை இருவரும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். யுத்த காலத்தில் அரிசி கிடைக்காத மாதங்களில் ராகிக் களியை விழுங்க முடியாமல் அம்மா அழுததும், அப்பா தம் பங்கு அரிசிச் சோற்றை மௌனமாக அம்மாவின் தட்டுக்கு மாற்றியதும் என் நினைவிலேயே இருக்கின்றன. இந்தத் துன்பங்களைப் பற்றி அப்பா பேசியதில்லை. பேசாததைக் கொண்டு அவர்கள் வருந்தவில்லை என்று நான் முடிவு கட்ட மாட்டேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். அந்த வாரத்தில் தமக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லித் துதிக்க வேண்டும். சிலர் நெடுநேரம் சொல்வார்கள். கேட்பவர் கண்ணீர் விடுவார்கள். அப்பாவின் முறை வந்தால், "இந்த வாரம் முழுதும் வேலைக்குப் போனேன். வீட்டில் எல்லாரும் சுகம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். "துபாஷியார் மாதிரி எல்லாரும் சாட்சி சொன்னால் காபி ஆறாமல் குடிக்கலாம்" என்று சபையில் வேதம் போதிக்கும் எங்கள் உபதேசியார் கேலி செய்வார். உபதேசியார் அப்பாவின் நெருங்கிய நண்பர்; வாரந்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு வழக்காடாமல் அவருக்குப் பொழுது போகாது.

அவ்வாறான ஒரு வழக்காட்டத்தில்தான், சுவிசேஷம் எழுதிய நால்வரும் ஒரே நிகழ்ச்சியைச் சற்று வேறு வேறாகச் சொல்வது தம்மைச் சில சமயம் சங்கடப்படுத்துகிறது என்று உபதேசியார் சொன்னார். அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நாலு பேரும் ஒரே மாதிரி ஒப்பிச்சா வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்காருன்னு அர்த்தம், உபதேசியாரே. எங்க கோர்ட்டுல அப்படிப்பட்ட சாட்சியை நம்பவே மாட்டாங்க. ஒருத்தன் நின்ன எடம் வேற, இன்னொருத்தன் நின்ன எடம் வேற. அதை யாரும் இழைச்சு ஒண்ணாக்காம விட்டாங்களே, அதுக்கே நான் ஸ்தோத்திரம் பண்ணுவேன்" என்றார்கள். அதற்கு உபதேசியார், "உம்மைப் பரலோக வாசலில் நிறுத்தி வைத்தாலும், உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் அல்லேலூயா சொல்வீர்" என்றார். "வாசலைப் பார்த்தேன்னு சொல்லுவேனே" என்றார்கள் அப்பா.

இலக்கியம் பயிலும் மாணவி என்ற முறையில் அப்பாவின் இந்த மனப்போக்கைப் பற்றி நான் பிற்பாடு அதிகம் சிந்தித்திருக்கிறேன். ஆதித் திருச்சபையார் தங்கள் விசுவாசத்தைக் குறிக்கக் கோயிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்திருக்கலாம். தத்துவ ஞானிகளிடமிருந்து எடுத்திருக்கலாம். அவர்கள் எடுத்ததோ நீதிமன்றத்தில் வழங்கிய சொல், சாட்சி. கண்டவன், கண்டதைப் பலர் முன் சொல்பவன் என்பதற்கு மேல் அச்சொல்லுக்கு முதலில் வேறு பொருள் இல்லை. சொன்னதைத் திரும்பப் பெற மறுத்தவர்களைக் கொன்ற பிறகே அதன்மேல் இரத்தம் படிந்தது. நம் முன்னோர் அந்த வேறுபாட்டை உணர்ந்தே அவர்களை இரத்தசாட்சிகள் என்று தனித்து அழைத்தார்கள் போலும்.

கர்த்தரின் சீடர் பன்னிருவரில் ஒருவன் விலகிப்போன இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தபோது, அவர் நாவன்மை உள்ளவரா, பரிசுத்தரா என்று அவர்கள் கேட்டதாக எழுதப்படவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை கூடவே இருந்தவரா என்றுதான் கேட்டார்கள். கல்லறை வெறுமையாக இருந்ததை முதலில் வந்து சொன்ன பெண்களின் பேச்சு வீண்பேச்சாகத் தள்ளப்பட்டது, தள்ளியவர்கள் அப்போஸ்தலர்களே. அந்த அவமானத்தை மறைத்து எழுதியிருக்கலாம், மறைக்கவில்லை. பிறவிக் குருடனாக இருந்து பார்வை பெற்றவனைப் பெரியவர்கள் விசாரித்தபோது, தன்னைக் குணமாக்கியவர் பாவியா அல்லவா என்பது தனக்குத் தெரியாது என்றும், குருடனாயிருந்த தான் இப்போது காண்கிறான் என்பது மட்டும் தெரியும் என்றும் சொன்னான். வேதத்தில் அப்பாவுக்கு மிகப் பிடித்த மனிதன் இவன்தான். அத்தனை அதட்டலிலும் அவன் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று, தமக்கு முன் கூண்டில் நின்ற ஒருவனைப் பாராட்டுவதுபோல் அப்பா பாராட்டுவார்கள்.

இனி அந்தப் புதன்கிழமை மாலையைச் சொல்கிறேன்.

மூன்று நாளும் எங்கள் டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்தார். அவர் கன்னடக்காரர், தமிழ் அறியார். செய்தி கேட்டுச் சித்தப்பா செவ்வாயன்றே கொள்ளேகாலிலிருந்து வந்துவிட்டார்கள். புதன் மாலை சித்தப்பாவும் உபதேசியாரும் கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். அம்மா அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அறையில், கட்டிலருகே டாக்டரும் நானும் மட்டும் இருந்தோம். வெளியே தூறல். டாக்டர் அப்பாவின் மணிக்கட்டை நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு, என்னைச் சன்னல் பக்கம் அழைத்து, மிகத் தணிந்த குரலில் கன்னடத்தில் சொன்னார்: "நன்ன கைலி ஆகோதெல்லா மாடிதீனி. இன்னு தேவரித்தானெ."

எனக்கு வாய் எழவில்லை. அப்போது அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நின்றார்கள். கடைத்தெருவுக்குப் போதுமான கன்னடம் அம்மாவுக்கு உண்டு. ஆனால் டாக்டரின் தணிந்த பேச்சு அவர்கள் காதுக்கு எட்டியிருக்காது. அவர் ஏதோ சொல்லி முடித்ததை மட்டும் கண்டிருக்க வேண்டும். என் முகத்தையும் டாக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். 

அப்பா கண் விழித்தார்கள். அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு, நாள் முழுவதும் இல்லாத தெளிந்த குரலில், கூடம்வரை கேட்கும்படி, தமிழில் சொன்னார்கள்: "என்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டேன். இனிக் கடவுள் இருக்கிறார்."

அம்மா "ஆமாங்க" என்றார்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு அப்பாவின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் அம்மா கொடுத்த கஞ்சியில் சிறிது இறங்கியது. அப்பா வேறு எதுவும் பேசவில்லை. சிறிது நேரத்தில் மூச்சு நின்றது.

மறுநாள் அடக்க ஆராதனையில் உபதேசியார் கண்ணீரோடு அந்த இரு வாக்கியங்களையே பிரசங்கித்தார். ஓடி முடித்த ஒருவரின் அறிக்கை என்று அதை விளக்கினார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதே அது கொள்ளேகால் உறவினர் வாயில் இருந்தது. சில நாளில் "கடவுள்" என்பது "கர்த்தர்" ஆயிற்று. பிறகு அப்பா மலர்ந்த முகத்தோடு சொன்னதாக ஆயிற்று. அதன்பின் இரு கைகளையும் உயர்த்தினார்கள் என்றும் ஆயிற்று. எவரும் பொய் சொல்லவில்லை. அன்பு மிகுதியால் ஒவ்வொருவரும் ஒரு சிறிது சேர்த்தார்கள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் அம்மா அந்த வாக்கியங்களைச் சொல்லி, "எனக்கு அது போதும்" என்பார்கள். அதைச் சொல்லும் வேளையில் மட்டுமே அம்மாவின் முகத்தில் உயிர் இருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கல்லறைக்குக் கல் எழுப்புவது பற்றியும் இம்மலர் பற்றியும் முடிவு செய்யச் சித்தப்பா மீண்டும் வந்திருந்தார்கள். உபதேசியாரும் வந்தார். அம்மா சுவரோரமாக உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லுல பேருக்குக் கீழ அந்த வார்த்தையவே வெட்டிப்போடலாம். புஸ்தகத்துலயும் மொதப் பக்கத்துல அதேதான். கண்ணு, நீதான் கூட இருந்தவ, படிச்சவ. அண்ணன் கைய ஒசத்தி எப்படிச் சொன்னாருன்னு அழகா எழுதிக் குடு" என்றார்கள் சித்தப்பா.

"அப்பா கையை உயர்த்தலை, சித்தப்பா."

"சரி, கைய விடு. சொன்னத எழுது."

"சொன்னாங்க. ஆனா அது அப்பா வார்த்தை இல்லை. டாக்டர் கன்னடத்துல எங்கிட்டச் சொன்னதை அப்பா தமிழ்ல சொன்னாங்க. கோர்ட்டுல சொல்ற மாதிரி."

 "நான் என் இரண்டு காதாலும் கேட்டேனே, அம்மா" என்றார் உபதேசியார், மெதுவாக.

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானு கேட்டேன், உபதேசியார் கேட்டாரு, அண்ணி கேட்டாங்க. மூணு பேரு. நீ ஒருத்தி. ரெண்டு மூணு சாட்சி இல்லாம ஒரு காரியத்த ஒத்துக்கப்படாதுன்னு சபையில சண்டை போட்டவரு உங்கப்பன். இப்பச் சொல்லு, யாரு பேச்ச எடுத்துக்கறது?"

"நீங்க மூணு பேரும் கேட்டது நிஜம் சித்தப்பா. அதுக்கு முன்னாடி டாக்டர் சொன்னது கூடத்துக்குக் கேட்டிருக்காது. பக்கத்துல நின்னவ நான்."

"டாக்டரே சொன்னதா இருக்கட்டும். அதனால அது பொய்யாப் போயிருமா? கடவுள் இல்லேன்னு ஆயிருமா?"

"ஆகாது. ஆனா அது அப்பா பேருக்குக் கீழே வரக் கூடாது."

"படிக்க வெச்சாரே எங்கண்ணன், அவரச் சொல்லணும்" என்று சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சித்தப்பாவின் கோபத்தை நான் பொருட்படுத்தவில்லை. அம்மாவைத்தான் பார்க்க அஞ்சினேன். பற்றிக்கொண்டிருந்த ஒன்றை அவர்கள் கையிலிருந்து பிடுங்குகிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் அம்மாவுக்கு ஆறுதல் இருந்திருக்கும். ஆனால், வாழ்நாள் முழுதும் பிறர் சொல்லைப் பிறர் சொல்லாகவே ஒப்படைத்த ஒருவர் தலைமாட்டில், அவருடையது அல்லாத ஒரு வாக்கியம் அவருடையதாக நிற்கும். இரண்டில் ஒன்றைத்தான் நான் காக்க முடியும் என்று எண்ணினேன்.

முறம் நின்றுவிட்டது. அம்மா நிமிராமலே கேட்டார்கள்: "அப்பம் எனக்கு அவுக ஒண்ணுமே சொல்லாமலா போயிட்டாக?"

"உங்களுக்குத்தாம்மா சொன்னாங்க" என்றேன். "டாக்டர் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. அப்பாவுக்கும் புரிஞ்சுது. நீங்க வாசப்படியில வந்து நின்னு எங்க மூஞ்சியைப் பார்த்தீங்க. உங்களுக்கு மட்டும்தான் என்னன்னு தெரியலை. எனக்கு வாய் வரலை. அதனால அப்பா சொன்னாங்க."

 அம்மா அரிசியை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, நாங்கள் சற்றும் எதிர்பாராத வகையில், சிரித்தார்கள். அப்பா போன பிறகு அன்றுதான் முதல் முறை.

"கல்யாணமான புதுசுல மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போவாக. எனக்குக் கன்னடம் ஒரு எழுத்துத் தெரியாது. மீன்காரி என்னமோ சொல்லுவா. இவுக என் பக்கம் திரும்பி, 'என் மீனைக் குறை சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்'னு சொல்லுவாக. நான் வெலவெலத்துப் போயி, 'இது யாரு சொல்லுதது, நீங்களா மீன்காரியா'ன்னு கேப்பேன். 'மீன்காரிதான், எனக்கு எங்க மீன் இருக்கு'ம்பாக." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அன்னைக்கும் நான் கேட்டிருக்கணும், யாரு சொல்லுததுன்னு. தன் சாவைத் தானே தமிழ்ல எடுத்துச் சொல்லிட்டுப் போயிருக்காக, நான் ஒருத்தி மட்டும் வெளங்காம நிக்கக் கூடாதுன்னு. ஒலகத்துல எந்த மனுசன் பொஞ்சாதிக்கு இதைச் செய்வான்?"

அம்மாவிடமிருந்து எதையோ எடுத்துவிடுவேன் என்று நான் அஞ்சியது வீண். அம்மா அதைவிடப் பெரிய ஒன்றை அங்கேயே, எங்கள் கண் முன்னால், கண்டெடுத்தார்கள். தம்மைக் குறித்து அல்லாமல் வேறொருவரைக் குறித்துச் சாட்சி சொல்ல வந்த ஒருவரை, அவர் ஒளி அல்லர், ஒளியைக் குறித்துச் சொல்ல வந்தவர் என்று சுவிசேஷம் பிரித்துக் காட்டுகிறது. அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அத்தகைய ஒருவர் அருகே வாழ்வது எப்படிப்பட்ட பேறு என்பதை அம்மாவின் முகத்தில் அன்று பார்த்தேன்.

"அப்போ நான் அடக்கத்தில் பிரசங்கம் பண்ணியது டாக்டருடைய வசனத்தையா?" என்று உபதேசியார் பரிதாபமாகக் கேட்டார்.

"நல்ல வசனந்தான ஐயா" என்றார்கள் அம்மா. "இன்ன ஆளு சொன்னாகன்னு சேத்துச் சொல்லிட்டாப் போதும். கல்லுல பேரு மட்டும் இருக்கட்டும்."

சித்தப்பா கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த டாக்டருக்கு நாம இன்னும் நன்றிகூடச் சொல்லல. அவரு பேச்ச வெச்சு ஊரெல்லாம் அழுதிருக்கறோம்" என்றார்கள். கோபம் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு என்னிடம், "நீ சொன்னபடியே எழுது, கண்ணு. எங்க மூணு பேரு கேட்டதையும் சேத்து எழுது" என்றார்கள். அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தின் நன்றியை இங்கே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆராதனையை நடத்தி எங்களோடு கல்லறைத் தோட்டம்வரை மழையில் நடந்துவந்த குருவானவருக்கும், நண்பரை இழந்த தம் துக்கத்தை அடக்கிக்கொண்டு எங்கள் துக்கத்தைத் தாங்கிய உபதேசியாருக்கும் நன்றி. தமக்குப் புரியாத தமிழ்ப் பாட்டுக்களை எங்கள் கூடத்தில் நின்று முழுதும் கேட்டிருந்த நீதிமன்ற நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் வேளை தவறாமல் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு ஐயங்கார் மாமிக்கும் நன்றி. கிறிஸ்தவர் வீட்டுக்குச் சாதம் கொண்டுபோவது பற்றி அவர்கள் வீட்டில் ஏதும் பேச்சு எழுந்ததா என்று எனக்குத் தெரியாது. பாத்திரம் ஒருநாளும் தாமதமாக வரவில்லை என்பது தெரியும். செய்தி கேட்டதும் கொள்ளேகாலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து சேர்ந்த உறவினர் அனைவருக்கும், இக்குடும்பத்துக்கு இப்போது மூத்தவராக நிற்கும் சித்தப்பாவுக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படிப்பட்ட தகப்பனாரை எங்களுக்குக் கொடுத்து, கொடுத்த காலம்வரை வைத்திருந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

டாக்டருக்கு மட்டும் நன்றியை எழுத்தில் சொல்வது போதாது என்று அம்மா சொல்லிவிட்டார்கள். கல்லைப் பற்றிப் பேசிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு முன், அம்மாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அம்மா என்னை நிறுத்தினார்கள். "நீ உள்ள வராத. நீ வந்தா நீயே பேசிருவ. அவர் வாயால என்ன வருதுன்னு நான் கேக்கணும்" என்றார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

உள்ளே அம்மா தமக்குத் தெரிந்த கன்னடத்தில் நன்றி சொன்னார்கள். டாக்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தம்மால் ஆனதையெல்லாம் செய்ததாகவும், இனிக் கடவுள் இருக்கிறார் என்று அன்று சன்னலருகே என்னிடம் சொல்ல நேர்ந்ததாகவும், அம்மா எதுவும் கேட்காமலே அவராகச் சொன்னார். பிறகு தயங்கி, அது நோயாளியின் காதில் விழக் கூடாது என்று தணிந்துதான் பேசினேன், உடனே அவர் கண் விழித்து ஏதோ சொன்னார், தமிழ் எனக்குத் தெரியாது, அவருக்குக் கேட்டுவிட்டதோ என்று அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது என்றார்.

அம்மா நிதானமாக, வார்த்தை வார்த்தையாகத் தேடி, கன்னடத்தில் பதில் சொன்னார்கள். "கேட்டது, டாக்டரே. நீங்கள் சொன்னதை ஒன்றும் விடாமல் எனக்குச் சொன்னார்கள். நன்றாகச் சொன்னார்கள். பயந்து சொல்லவில்லை."

உள்ளே டாக்டர் விம்முவதை, வாசலில் நின்றபடி, திறந்திருந்த சன்னல் வழியாக நான் என் காதால் கேட்டேன்.